கொடி பார்த்து அடி

பாத்தீங்களா மேடம், பாத்தீங்களா? இதப் பயிருன்னு யாருனா சொல்வாங்களா? வைக்கோலு! நிக்க வெச்ச வைக்கோலு! பொன்னி மேடம் இது. வூட்டுக்கு சாப்புட்றதுக்குன்னு போட்டது. இருவது நாள்ல ஒரு சாண் ஒசரம் வந்து, சும்மா பச்சைப்பசேல்னு நின்னுக்கினு இருந்திச்சி. இப்போ குருத்த இழுத்துப் பாருங்க. இழுங்க, பயப்படாதீங்க... வந்திச்சா? கையோட வருதா? களை மருந்து அடிச்சி மொத நாலு நாள் ஒன்னியும் தெரியல. அஞ்சாம் நாள் குருத்து மஞ்சக் கட்டிச்சி. எட்டாம் நாள் ஊரே வந்து எட்டிப் பாத்திச்சி. இன்னியோட பதினஞ்சு நாளு. முடிஞ்சிபோச்சி.

எழுதிக்கினீங்களா? எழுதுங்க. "தருமலிங்கம் கழனில சாலமன் தப்பா மருந்தடிச்சதால பயிரு கருகிப்போச்சி." அவ்ளோதான். அர பக்கம் கூட வராது. கீழ நான் ஒரு கையெழுத்து போட்டுட்றேன், நீங்க வண்டிய எடுத்துக்கினு வெயிலுக்கு முன்னாடி பொன்னேரி போய்ச் சேர்ந்துடுங்க. படிச்ச பொண்ணு, இந்த வரப்புல நின்னு எதுக்குக் கருகணும்? பயிரு கருகினது பத்தாதா...

இன்னாது? அந்தக் கழனியா? வாய்க்காலாண்ட கீதே, அதுவா? அத எதுக்கு மேடம் பாக்கணும்? அதுல ஒன்னியும் சாவல. அதான் பிரச்சனையே, அதுல சாவ வேண்டிய களை சாவல. குதிரவாலிப் புல்லு தோள் ஒசரத்துக்கு... சரி, தோள் இல்ல, முட்டி ஒசரம். நெல்லு எங்க கீதுன்னு தேடணும். அத இங்கேர்ந்தே எழுதிக்கலாம். அந்த வரப்புல முள்ளு கீது மேடம். உங்க செருப்பு தாங்காது. நான் சொல்றேன், நீங்க எழுதிக்கோங்க.

முக்கியமா அந்தக் கார்டு விசயத்த எழுதுங்க. மருந்தடிக்க உங்க வேளாண்மை ஆபீசுல மூணு நாளு பயிற்சி குடுத்து, போட்டா புடிச்சி, பிளாஸ்டிக் கவரு போட்டு அவன் கழுத்துல மாட்டி வுட்டீங்களே, அத. சர்ச்சுக்குப் போனா கூட அதத் தொங்க வுட்டுக்கினு போறான்! அதப் புடுங்கிக்கினு போங்க. ஊர்ல பேசி முடிச்சிட்டோம், காட்டூர்ல இனிமே ஒருத்தரும் அவன மருந்தடிக்கக் கூப்புட மாட்டாங்க. உங்க கடுதாசி ஒன்னுதான் பாக்கி. அது வந்து கார்டும் போச்சின்னா அக்கம்பக்கத்து ஊர்லயும் கூப்புட மாட்டாங்க.

அவனுக்கு வேற தொழிலா? வேற இன்னா தொழிலு... கழனி இல்ல. ஏரில எறங்கி மீன் புடிக்கிற ஆளும் இல்ல. முதுவுல மாட்ற அந்த டாங்கிதான். பொண்ணு ஒன்னு கீது, பிரின்சின்னு. நர்சுக்குப் படிக்கிது. அது நம்ம கவல இல்ல மேடம். தப்பு பண்ணவன் அனுபவிக்கணும். இல்லியா?

மொதல்லேர்ந்து சொல்லணுமா? சொல்றேன். ஆனா கேட்டுட்டு நீங்க சிரிக்கக் கூடாது.

வைகாசில ஒரு பையன் வந்தான். ரஞ்சித்குமார்னு பேரு. வெத கம்பெனி ஆளு. வெள்ள சட்டை, சேத்துல எறங்காத ஷூ, மூஞ்சில ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்ப கம்பெனிலயே மாட்டி அனுப்புவாங்க போல. பந்தலு போட்டு, நாற்காலி போட்டு, ஆளுக்கு ரெண்டு சமோசா குடுத்துட்டு சொல்றான், "அய்யா, இந்த நெல்லு களை மருந்த தாங்கும். மருந்து அடிச்சீங்கன்னா களை சாவும், நெல்லு நிக்கும்"னு. எந்த மருந்துடா தம்பின்னேன். "எங்க மருந்து"ன்றான். வேற கம்பெனி மருந்து அடிச்சா? "அதுக்கு நாங்க பொறுப்பு இல்ல"ன்றான். சரி, உன் மருந்த வேற நெல்லுக்கு அடிச்சா? "செத்துப்பூடும்"ன்றான், அதே சிரிப்போட!

அதாவது மேடம், இன்னாருக்கு இன்னார்னு ஜாதகம் பாத்து முடிச்ச மாதிரி. இந்த வெதைக்கு இந்த மருந்து. மாத்திக் கட்டி வெச்சா கொல வுழும். வெதையும் அவங்கிட்டதான், மருந்தும் அவங்கிட்டதான். செருப்புக் கடைக்காரன் எடது காலுக்குத் தனியா வெல, வலது காலுக்குத் தனியா வெல வெச்ச மாதிரி! அத நான் கூட்டத்துலயே சொன்னேன். ஊரே கைதட்டிச்சி. ரஞ்சித்குமாரும் சேந்து கைதட்டினான். அவன இன்னா பண்றது?

அப்புறம் எதுக்கு வாங்கினேன்னு கேக்குறீங்க. நல்லா கேட்டீங்க. களை எடுக்க ஆளு எங்க மேடம் கீது? நேரடி வெதைப்பு போட்டா நெல்லுக்கு முன்னாடி களைதான் மொளைக்குது. ஆம்பளைங்க எல்லாம் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போறாங்க. பொம்பளைங்களும் அங்கதான், கூட்டிப் பெருக்க. வேன் வூட்டாண்டயே வந்து ஏத்திக்கினு போவுது. நான் கூப்புட்டா கழனிக்கு வருவாங்களா? எங்கிட்ட வேன் கீதா? அதான் வாங்கினேன். வாய்க்காலாண்ட கழனில அந்தப் புது நெல்லு. ரோட்டோரம், இந்தக் கழனில, நம்ம பொன்னி. ஒன்னு தாங்குற நெல்லு, ஒன்னு தாங்காத நெல்லு. வெளங்கிச்சா? மொளைச்சி வந்தப்புறம் ரெண்டும் ஒன்னு மாதிரியே இருக்கும் மேடம். பெத்தவனுக்கே அடையாளம் தெரியாத ரெட்டப் புள்ளைங்க மாதிரி.

அதுக்குத்தான் கொடி.

ரஞ்சித்குமாரு குடுத்தான். கைக்குட்ட அளவுல, கம்பில மாட்டுன பிளாஸ்டிக் கொடி. "அய்யா, பச்சைன்னா மருந்து தாங்குற கழனி, அடிக்கலாம். செவப்புன்னா தாங்காத கழனி, கிட்டயே போகக் கூடாது. யாரு வந்து அடிச்சாலும் தப்பு நடக்காது"ன்றான். நான் இன்னா கட்சி மாநாடா நடத்துறேன், என் கழனி எனக்குத் தெரியாதான்னேன். "உங்களுக்குத் தெரியும்யா, அடிக்கிறவருக்குத் தெரியணும் இல்ல"ன்றான். அதுல மட்டும் பையன் கொஞ்சம் வெவரம். ஆனா கொடி ரெண்டு நாள் தாங்கல. பச்சைய ஆடு துன்னுடிச்சி. செவப்பு ஏரிக்காத்துல எங்கியோ பறந்து போச்சி.

நான் வுட்டேனா? தோணிரேவு மீன்காரன் ஸ்டீபன் கீறான், நம்மகிட்ட ரொம்ப வருசமா பழக்கம். எறா குடுத்துட்டு நெல்லு வாங்கிக்கினு போவான். ஏரில வல போட்டா மூலைல கழி நட்டு கொடி கட்டுவாங்க இல்ல, தூரத்துலேர்ந்தே தெரியறாப்ல? அந்தக் கழி ரெண்டு வாங்கியாந்தேன். ஆறடி. எந்தக் காத்துக்கும் சாயாது. துணிக்கு எங்க போறது? பச்சைக்கு என் பழைய லுங்கி. செவப்புக்கு... தோ நிக்கிறாளே என் சம்சாரம் காந்தா, அவ பழைய பாவாட. சிரிக்காதீங்கன்னு சொன்னேன் இல்ல? அவ ஒரு வாரம் எங்கூட பேசல. "ஊர்ல போறவன் வர்றவனெல்லாம் என் பாவாடையப் பாத்துக்கினு போறான், உனக்கு வெக்கமா இல்ல?"ன்னா. வெவசாயத்துல வெக்கம் பாக்க முடியுமா?

ஸ்டீபன் கழி குடுக்கறப்பவே ஒன்னு சொன்னான். "நைனா, நட்டா நட்டதுதான். நகத்தாத. ஏரில ஒருத்தன் கொடிய இன்னொருத்தன் நகத்த மாட்டான். கொடி ஒரு எடம், வல ஒரு எடம்னு ஆயிட்டா, வர்ற போட்டுக்காரன் தெரியாமயே மோட்டார வுட்டு அறுத்துக்கினு போயிடுவான். அவன் மேலயும் தப்பு சொல்ல முடியாது"ன்னான். இவன் யாரு எனக்குப் புத்தி சொல்றதுக்கு? எறா விக்கிறவன், நெல்லப் பத்தி இன்னா தெரியும்? சரி சரின்னு தலையாட்டிட்டு வந்தேன்.

இத எல்லாம் எழுதாதீங்க மேடம். இது சும்மா பேச்சு. சாலமன் விசயத்துக்கு வாங்க.

அவன் அடிச்ச அன்னிக்கி நான் ஊர்லயே இல்ல. அத பெரிய எழுத்துல எழுதுங்க. சூலூர்ப்பேட்டைல மச்சான் பேரனுக்குக் காது குத்தல். நானும் காந்தாவும் போயிட்டோம். பந்தில ஒக்காந்தாச்சி, எலைல சாம்பாரு ஊத்தியாச்சி, வட வெச்சாச்சி. போன் அடிக்கிது. சாலமன். "அய்யா, டாங்கில மருந்து கலந்துட்டேன், எந்தக் கழனிக்கு அடிக்கணும்?"ன்றான். நான் தெளிவா, மூணே வார்த்தைல சொன்னேன். கொடி பார்த்து அடி. பச்சைன்னா அடி, செவப்புன்னா அடிக்காத. இதுக்கு இன்னா ஜோசியமா பாக்கணும்? போன வெச்சிட்டேன். வடையக் கடிச்சேன். திரும்ப அடிக்கிது!

"அய்யா, ரோட்டோர கழனில போன வாரம் செவப்புதான பாத்தேன்? இப்போ பச்ச கீது. அடிக்கவா, வேணாமா?"ன்றான்.

பாத்தீங்களா அவன் தெனாவெட்ட? என் கழனி, என் கொடி, இவன் எங்கிட்ட கேள்வி கேக்குறான். பக்கத்து எலைல சம்பந்தி வூட்டுக்காரங்க. எல்லாரும் பாக்குறாங்க. எனக்கு வந்திச்சி பாருங்க கோவம். "நீ இன்னா பெரிய ஆபீசரா? கொடி பார்த்து அடின்னா அடி"ன்னேன். கட் பண்ணிட்டேன். பாயசம் கூட நிம்மதியா குடிக்க வுடல...

இன்னா மேடம், எழுதுறத நிறுத்திட்டீங்க? பேனா தீந்துடுச்சா?

கொடி எப்டி மாறிச்சின்னா... அது எப்டி எனக்குத் தெரியும்? நான்தான் ஊர்ல இல்லன்றேனே. காத்து அடிச்சிருக்கும். மாடு முட்டியிருக்கும். பசங்க வெளயாடியிருப்பாங்க. ஆமா, ஆறடி கழி எந்தக் காத்துக்கும் சாயாதுன்னு நான்தான் சொன்னேன். நல்லா ஞாபகம் வெச்சிக்கினு கேக்குறீங்க. உங்களுக்கு வாத்தியாரு வேல குடுத்திருக்கலாம்.

எங்க போறீங்க? மேடம்! அந்தப் பக்கம் வேணாம்னேன் இல்ல? முள்ளு! காந்தா, நீயாவது சொல்லேன்டி! நிக்கிறா பாரு கல்லு மாதிரி. ஒரு வாரமா இப்டிதான் மேடம். சோறு போட்றா, பேச மாட்றா. பாவாட விசயமா பேசாம இருந்தது போயி, இப்போ வேற விசயமா பேசாம கீறா. எனக்கு எந்த விசயத்துக்கு எந்தக் கோவம்னே தெரியல... சரி, பாத்துக் கால வைங்க. வாய்க்கால் மடைய தாண்டி வாங்க. ம்... முள்ளு ஒன்னும் இல்ல. இங்க இல்ல, அந்தாண்ட கீது.

அங்க குனிஞ்சிக்கினு கீற ரெண்டு பேரா? கூலி ஆளு இல்ல மேடம். கூலிக்கு ஆளு கெடைக்காதுன்னு சொன்னேன் இல்ல? அது... சாலமனும் அவன் சம்சாரம் மரியம்மாவும்தான். ஊர்ல சொன்ன தீர்ப்பு. அடிக்க வேண்டிய கழனிய வுட்டுட்டான் இல்ல, கையால புடுங்கட்டும்னு. இன்னியோட ஆறு நாளு. மரியம்மாவ யாரும் வரச் சொல்லல. அதுவா வந்திச்சி. கழனி பெரிசு, ஒத்த ஆளு எப்போ முடிக்கிறதுன்னு வந்திருக்கும்.

நான் தனியா சொன்ன தீர்ப்பு இல்ல மேடம். ஊரே ஒக்காந்து பேசினது. அவனையும் நிக்க வெச்சிதான் கேட்டோம். கேட்டோம்னா... கேக்கல. யாரும் கேக்கல. அவனா சொன்னான். ஓரமா நின்னுக்கினு, "கொடி பார்த்துதாங்க அடிச்சேன்"னான். பக்கத்து கழனி கேசவன் கீறான் இல்ல, அவன் ஒடனே, "எந்தக் கட்சிக் கொடிடா பாத்த?"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்... நானும் சிரிச்சேன். சிரிப்பு வர்ற மாதிரி சொன்னான் அவன். போன் பண்ணேன்னு சாலமன் அங்க சொல்லல. ஏன் சொல்லலன்னு எனக்குத் தெரியல. ரெண்டு தபா பண்ணான். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா நான் இல்லன்னு சொல்லியிருப்பேன்னு அவனுக்குத் தெரியும் போல.

டப்பா மேல கீறதக் கூட அவன் படிக்காம தொறக்க மாட்டான் மேடம். பிரின்சிய பக்கத்துல ஒக்கார வெச்சி எழுத்து எழுத்தா படிப்பான். "மூக்குக்குத் துணி கட்டவும்"னு போட்டிருந்தா கட்டுவான். இந்த ஊர்ல வேற எவன் கட்றான்? நான் கூட கிண்டல் பண்ணியிருக்கேன், இன்னாடா கல்யாணப் பொண்ணு மாதிரி மூஞ்ச மூடிக்கினு வர்றேன்னு...

போட்டா எடுக்காதீங்க மேடம். எதுக்கு அதப் போய் எடுக்குறீங்க? அது கொடி. செவப்புக் கொடிதான். ஆமா, இது தாங்குற நெல்லு, இங்க பச்சதான இருக்கணும். செவப்பு கீது. அதான் சொல்றேனே, காத்து...

கழில தொங்குறதா? அது எலுமிச்சம்பழம்.

எலுமிச்சம்பழம், ரெண்டு பக்கமும் பச்ச மொளகா, கீழ ஒரு சங்கு. ஆமா, கட்டுன சங்கு. நல்லா முடிச்சு போட்டுத்தான் கட்டியிருக்கு. அது... சொல்லிட்றேன். அத எழுதாதீங்க, கேட்டுட்டு வுட்டுடுங்க. நான் இந்தத் திருஷ்டி கிருஷ்டி எல்லாம் நம்புற ஆளு இல்ல மேடம். கூட்டத்துல ரஞ்சித்குமாரையே கேள்வி கேட்டவன் நான். ஆனா கேசவன் கண்ணு இருக்கு பாருங்க, அது கண்ணு இல்ல. மாட்டப் பாத்து நல்லா கீதுன்னான், மாட்டுக்குப் பாலு வத்திப்போச்சி. எங்க முருங்க மரத்த இன்னா காயி இன்னா காயின்னான், மறுநா காத்துல ஒடிஞ்சி போச்சி. அப்டியாப்பட்ட ஆளு, சூலூர்ப்பேட்டைக்குப் போறதுக்கு மூணு நாள் முன்னாடி, இந்த வரப்புல வந்து நின்னுக்கினு, "இன்னா மாமா, பயிரு சும்மா பாய் விரிச்ச மாதிரி கீது! புது நெல்லா?"ன்னான். அவ்ளோ துட்டு கம்பெனிக்குக் குடுத்து வாங்குன வெத, இவன் ஒரு பார்வைல முடிச்சிடுவான் போல கீதே!

திருஷ்டிக்கு செவப்புதான மேடம் கட்டணும்? பச்ச கட்டுனா யாரு கண்ணு போவும்? வூட்டுக்குப் போய் வேற துணி தேடலாம்தான். ஆனா ரோட்டோரத்துல ரெடியா நிக்கிதே, ஆறடி கழில, செவப்பு... அதப் புடுங்கியாந்து இங்க நட்டேன். பழத்தையும் கட்டுனேன். காந்தாகிட்ட சொல்லல. சொன்னா சிரிப்பா. "கேசவன் கண்ணு பட்டா பயிரு வாடாது, உன் வாயி பட்டாதான் வாடும்"பா. அவ அப்டிதான். அப்பால, இங்க இருந்த பச்சக் கழிய இன்னா பண்றது? கைல வெச்சிக்கினு நிக்கிறேன். ரோட்டோரத்துல குழி வெறுமனே கீது. கழி நட்ட குழி மேடம், வெறும் குழியா கிடந்தா யாருனா கால வுட்டு ஒடிச்சிக்கினா? அதுல சொருகிட்டேன். மருந்தடிக்கிறதுக்கு முன்னாடி மாத்திடலாம்னு இருந்தேன். மெய்யாலுமே இருந்தேன். காது குத்தலுக்கு மொறைத்தட்டு வாங்கப் போனதுல, பஸ்ஸு புடிக்கப் போனதுல...

மறந்துட்டேன்.

போன்ல அவன் கேட்டப்பவா? கேட்டப்ப ஞாபகம் வரல. வந்திச்சான்னு கேட்டா... பாயசம் குடிக்கும்போது ஒரு நிமிசம் எங்கியோ உறுத்திச்சி. திரும்பப் போன் பண்ணலாம்னு நெனச்சேன். அவன்கிட்டயா? நான் கத்திட்டு, நானே திரும்பப் பண்ணி, இல்லப்பா இரு இருன்னு சொல்றதா? சம்பந்தி வூட்டுக்காரங்க பக்கத்துல ஒக்காந்துக்கினு கீறாங்க மேடம்!

இன்னாடி சிரிக்கிற? இம்மா நாளு பேசாம இருந்துட்டு இப்போ சிரிக்கிறா பாருங்க. இவளுக்குத் தெரியும் மேடம். ஊர்ல தீர்ப்பு சொன்ன அன்னிக்கே தெரியும். வந்து பாத்தா, பாவாட இங்க கீது, மேல எலுமிச்சம்பழம். ஒரே கேள்விதான் கேட்டா. "அவங்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?"ன்னா. அதோட பேச்ச நிறுத்திட்டா.

சரி, குடுங்க அந்தக் கடுதாசிய. எங்க கையெழுத்து? இங்கியா? இருங்க, படிச்சிட்டுப் போட்றேன். "தருமலிங்கம், காட்டூர்." சரி. "ரோட்டோரக் கழனி, பொன்னி, முழுவதும் கருகியது." சரி. "வாய்க்கால் பக்கக் கழனி, களை மிகுதி." சரி. "காரணம்"... காரணம்னு போட்டு ஒன்னியும் எழுதலியே மேடம்? இம்மா நேரம் பேனாவ ஓட்டிக்கினே இருந்தீங்களே, இன்னாதான் எழுதுனீங்க? நானா? நான் எழுதணுமா? என் எழுத்து கோழி கெளறுனாப்ல இருக்குமே. நீங்களே எழுதிடுங்களேன், நீங்க படிச்சவங்க.

காத்துன்னு எழுதிடலாமா? சும்மா கேட்டேன். காத்து எலுமிச்சம்பழம் கட்டாது. அதுவும் சரிதான்.

ரஞ்சித்குமார் பேர எழுதலாமா? கம்பெனிக்கு இன்னா ஆயிடப் போவுது? ...இல்ல, வேணாம். அந்தப் பையன் கொடி குடுத்தான், அவ்ளோதான். பாவம், அந்தச் சிரிப்பு.

ஒன்னு சொல்லட்டுமா மேடம்? சாலமனுக்கு ஒன்னியும் தெரியாதுன்னு நான் நெனச்சிக்கினு கீறேன். தெரியாமயா இருக்கும்? ஆறு நாளா இந்தக் கொடிக்கு அடியிலதான் குனிஞ்சி குனிஞ்சி புடுங்குறான். தலைக்கு மேல இந்தப் பழம் ஆடிக்கினே கீது. மொத நாளு பழம் பாதி காஞ்சிருந்திச்சி, இப்போ முழுசா சுருங்கிடிச்சி. பாக்காமயா இருப்பான்? ஒரு வார்த்த கேக்கல. நான் வரப்புல வந்து நின்னா, "வாங்கய்யா"ன்றான். திரும்பக் குனியறான். அதான் மேடம். சண்ட போட்டான்னா நானும் நாலு வார்த்த பேசிடுவேன். பேச்சுல என்ன யாரு ஜெயிக்க முடியும்? அவன் பேசினாதான...

காந்தா, தண்ணி குடு. எனக்கில்லடி. அவங்களுக்கு.

சாலமன்! எலேய்... சாலமன்! போதும், களைய வுடு. மரியம்மா, நீயும் கரையேறும்மா. ஏறுங்க ரெண்டு பேரும். மேடம் வந்துக்கீறாங்க. கார்டு விசயமா. ...பயப்படாதய்யா, வா.

பேனா குடுங்க மேடம். எவ்ளோ எடம் வுட்டுக்கீறீங்க? ஒரே ஒரு கோடா? இம்மா நேரம் பேசினதுக்கு ஒரு கோடு எப்டி... சரி, போதும். "கொடிய மாத்தி நட்டது நான்." நான்னு போட்டா யாருன்னு தெரியணும் இல்ல? "தருமலிங்கம்." தெரியுதா எழுத்து? போன்ல கேட்டதையும் எழுதணுமா? கோடு முடிஞ்சிபோச்சே... இன்னாடி, பக்கத்துல எடம் கீதுன்ற? நீ எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச? ...சரி, எழுதறேன். "சாலமன் ரெண்டு தபா கேட்டான்." கேட்டாருன்னு போடணுமா? போட்றேன். அடிச்சிட்டு எழுதறேன், தோ.

இத ஊர்லயும் சொல்லணுமா மேடம்? இந்தக் கடுதாசி பத்தாதா? கேசவன் முன்னாடியா? அவன் சிரிக்கிற சிரிப்பு இருக்கே... சரி. நான் வர்றேன். நீங்களும் கூட வாங்க. நீங்க சும்மா நின்னா போதும், இப்போ நிக்கிற மாதிரி. ஒன்னியும் பேசாம.

சாலமன், இங்க வாய்யா. ஒக்காரு. நான் உங்கிட்ட ஒன்னு... ஏன்யா அந்தப் பக்கம் போற? மரியம்மா, அவர நிக்கச் சொல்லு. இன்னா பண்றான் மேடம்? கழியப் புடுங்குறான். செவப்ப. பழம், சங்கு எல்லாத்தையும் சேத்து தோள்ல வெச்சிக்கினு போறான். எலே, அது காந்தா பாவாடைய்யா! ...ரோட்டோரத்துக்கா போறான்? ஆமா, அங்கதான். பச்சையப் புடுங்கிட்டான். அந்தக் குழில இத நட்றான் பாருங்க. கால வெச்சி மிதிக்கிறான், சாயாம. செத்த பயிருக்கு இப்போ எதுக்கு...

இல்ல மேடம். சரியாத்தான் நட்றான். அது அங்கதான் இருந்திச்சி.